ரஞ்சன்குடியும் துறைமங்கலமும்

சென்னையிலிருந்து திருச்சி போகும் பேருந்து மங்களமேட்டை நெருங்கும்போது, பாறை மேல் எழுந்த ஒரு கோட்டை கண்ணில் படும். ரஞ்சன்குடிக் கோட்டை. அகழி, உள்ளே ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏறும் மூன்று அடுக்கு மதில், அரைவட்டக் கொத்தளங்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் இன்னும் கட்டுக்கோப்பாக நிற்கிறது. அங்கிருந்து அரைமணி நேரம் தெற்கே வந்தால் பெரம்பலூர். நகராட்சி எல்லைக்குள்ளேயே துறைமங்கலம். அங்கே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்று உண்டு. கோட்டையைப் பார்க்க வெளியூர்க்காரர்கள்கூட வண்டியை நிறுத்துகிறார்கள். முகாமுக்குள் கால் வைத்த உள்ளூர்க்காரர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கோட்டை, போர் இந்த மண்ணுக்கு வந்ததன் அடையாளம். முகாம், வேறொரு மண்ணின் போரிலிருந்து உயிர் தப்பியவர்கள் இங்கே வந்து சேர்ந்ததன் அடையாளம். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 240 ஆண்டுகள். அதற்குள் பெரம்பலூரும் பக்கத்து அரியலூரும் போரைச் சந்திக்கும் விதமே மாறிவிட்டது. அன்று ஓடியவர்களின் ஊர், இன்று ஓடி வந்தவர்கள் தங்கியிருக்கும் ஊர். அவர்களுக்கு நாம் கொடுத்த இடம் போதுமா என்பதுதான் என்னை அரிக்கும் கேள்வி.

1751 ஜூலை. ஆர்க்காட்டு நவாப் பதவிக்கு இரண்டு பேர் உரிமை கோரிக்கொண்டிருந்தார்கள். சந்தா சாகிபுக்குப் பின்னால் பிரெஞ்சுக்காரர்கள், முகமது அலிக்குப் பின்னால் ஆங்கிலேயர்கள். முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள் அடைந்து கிடந்தார். அவரைப் பிடிக்க வடக்கிலிருந்து இறங்கிய சந்தா சாகிபை மறிக்க, கேப்டன் ஜிஞ்ஜன் தலைமையில் ஓர் ஆங்கிலப் படை வாலிகண்டபுரம் பக்கம் வந்து கூடாரமடித்தது. ரஞ்சன்குடிக் கோட்டையின் தலைவரான கில்லேதார் எந்தப் பக்கமும் சாயாமல் இரு தரப்போடும் பேரம் பேசி நாட்களைக் கடத்தினார். பொறுமை இழந்த ஆங்கிலப் படை கோட்டைக்கு வெளியே இருந்த பேட்டைக்குள் புகுந்து தீ வைத்தது. ஆனால் கற்கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. பிரெஞ்சுப் படை வந்து சேர்ந்ததும் ஐரோப்பியச் சிப்பாய்கள் வெருண்டு ஓடினார்கள். படை ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிக்குப் பின்வாங்கியது. அந்தப் படைக்கு உணவுப் பொருள் ஏற்பாடு செய்யும் வேலையில் ஓர் இளைஞர் இருந்தார். பெயர் ராபர்ட் கிளைவ். மறு ஆண்டு ஜூனில் இதே வாலிகண்டபுரத்தில் பிரெஞ்சுத் தளபதி தோத்தேயைச் சரணடைய வைத்தவரும் அவர்தான்.

இந்தச் சண்டைகளை ராபர்ட் ஆர்ம் என்ற ஆங்கிலேயர் விரிவாக எழுதி வைத்தார். எத்தனை பீரங்கி, எத்தனை ஐரோப்பியர், எந்தப் பட்டாளம் எப்போது புறமுதுகிட்டது என்றெல்லாம் அதில் படிக்கலாம். தீயில் எரிந்த வீடுகளில் குடியிருந்தவர்களுக்கு அங்கே பெயர் கிடையாது. அவர்கள் எங்கே போனார்கள், திரும்பி வந்தார்களா என்று கேட்க அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கோட்டை யாருடையது என்பதே வரலாறாயிற்று. பேட்டை யாருடையது என்பது ஆகவில்லை.

பெரம்பலூர்ச் சீமை வானம் பார்த்த பூமி. இன்று மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகிற இதே கரிசலில் அன்று வரகும் சோளமும்தான் உயிர். இப்படிப்பட்ட ஊர் வழியே ஒரு படை போகிறது என்றால், சண்டையே நடக்காவிட்டாலும் அந்த ஆண்டு போயிற்று. படையோடு வரும் குதிரைக்கும் காளைக்கும் தட்டை வேண்டும், வைக்கோல் வேண்டும். ஊர்க் கிணறு ஒரே நாளில் சேறாகும். வண்டி இழுக்க மாட்டைப் பிடித்துக்கொண்டு போவார்கள். உண்பதற்கு வைத்த தானியம் போனால் ஒரு பஞ்சம், விதைக்கு வைத்தது போனால் அடுத்த ஆண்டும் பஞ்சம். இது எந்தத் தளபதியின் நாட்குறிப்பிலும் இழப்பாகப் பதிவாகாது. 1751இல் தொடங்கிய திருச்சி முற்றுகை 1754 வரை விட்டு விட்டு நீண்டது. மைசூர்ப் படை, முராரிராவின் மராத்தியக் குதிரைகள், ஆங்கில, பிரெஞ்சுக் கம்பெனிகள் என எல்லோருக்கும் இந்தச் சாலைதான் சாலை. சமயபுரம் கோயில்கள்கூட 1752இல் படையினர் பதுங்கிச் சுடும் அரண்களாயின. இன்று பாதயாத்திரை போகிறவர்கள் தேங்காய் உடைக்கும் அதே சமயபுரம்தான். முப்பது ஆண்டு கழித்து ஹைதர் அலி வந்தபோது, தப்பிப் பிழைத்திருந்த ஊர்களும் மறுபடி எரிந்தன.

ஓடியவர்கள் எங்கே போனார்கள்? கிழக்கே போனால் உடையார்பாளையத்துக் காடு. முந்திரித் தோப்பும் சிமென்ட் ஆலைப் புகையுமாக இருக்கும் இன்றைய அரியலூர் மாவட்டத்தை வைத்து அந்தக் காட்டைக் கற்பனை செய்ய முடியாது. குதிரைப்படை நுழையத் தயங்கும் அடர்த்தி, உள்ளே காலாட்கள் தோழ உடையார் வழியில் வந்த பாளையக்காரர்களின் ஆட்சி. அங்கே அடைக்கலம் புகுந்தவர்களில் காஞ்சிபுரத்துத் தெய்வமும் உண்டு. 1688இல் முகலாயப் படைக்கு அஞ்சி, காஞ்சி வரதராஜப் பெருமாளின் உற்சவத் திருமேனி உடையார்பாளையத்துக்குக் கொண்டுவரப்பட்டது. பிணத்தைப் பாடையில் தூக்கிப் போவதுபோல் வேடமிட்டு வழியெல்லாம் காவலர்களை ஏமாற்றினார்கள் என்று ஒரு வழக்கு உண்டு. ஆபத்து நீங்கிய பிறகு பாளையக்காரருக்குத் திருப்பித் தர மனம் வரவில்லை. வைணவத் துறவி ஆத்தான் ஜீயர் படைத்தலைவர் லாலா தோடர்மாலிடம் முறையிட்டு, அவருடைய படைபலத்தால் 1710இல் பெருமாள் ஊர் திரும்பினார். காஞ்சிக் கோயிலில் உள்ள கல்வெட்டு இதைச் சொல்கிறது. உடையார்பாளையத்தின் பெயரிலேயே இன்றும் அங்கே ஓர் உற்சவம் நடக்கிறது.

தெய்வத்தின் ஏதிலி வாழ்க்கை 22 ஆண்டு. திரும்பியதும் கல்லில் வெட்டி, விழா எடுத்துக் கொண்டாடினோம். இதை இங்கே நிறுத்திவிட்டு வேறொன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உடையார்பாளையத்திலிருந்து சற்றுத் தூரத்தில் கங்கைகொண்டசோழபுரம். நாம் எப்போதும் ஓடியவர்களாக மட்டும் இருக்கவில்லை என்பதற்கு இந்த ஊரே சாட்சி. கங்கை வரை படை அனுப்பியவன், 1025இல் கடல் தாண்டிக் கடாரம் வென்றவன், ராஜேந்திர சோழன் கட்டிய தலைநகரம். கோயிலுக்குப் பக்கத்திலேயே செங்கமேட்டில் சிவப்புக் கல்லில் செய்த காளி, பைரவர் சிற்பங்கள் நிற்கின்றன. கலிங்கத்தில் யாரோ வணங்கிக்கொண்டிருந்த தெய்வங்கள் அவை. வெற்றிப் பரிசாக இங்கே வந்தவை. அடுத்த முறை போகும்போது அவற்றின் முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

தோற்றவர்களின் குரலும் கிடைத்திருக்கிறது. கர்நாடகத்தில் ஹொட்டூர் என்ற ஊரில் சாளுக்கியர் காலக் கல்வெட்டு ஒன்று, ஏறத்தாழ 1007ஆம் ஆண்டுக்குரியது. ராஜேந்திரன் இளவரசனாகத் தலைமை தாங்கிய சோழப்படை நாட்டைச் சூறையாடியது, பெண்களையும் குழந்தைகளையும் கொன்றது, பெண்களைப் பிடித்துக்கொண்டு போனது என்று அது புலம்புகிறது. படையின் எண்ணிக்கையை ஒன்பது லட்சம் என்கிறது. எதிரி எழுதியது, மிகைப்படுத்தியிருப்பான் என்று ஒதுக்கிவிடலாம். எண்ணை ஒதுக்கலாம், சரி. ஆனால் சூறையாடப்பட்ட நாட்டை நினைத்து ஒருவன் கல்லை வெட்டினான் என்பதை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. வாலிகண்டபுரத்தில் பேட்டை எரிந்ததற்கு வருந்தத் தெரிந்த எனக்கு, ஹொட்டூர்க் கல் சொல்லும் அழிவுக்கும் வருந்தத் தெரிந்திருக்க வேண்டும்.

வென்ற தலைநகரமும் நிலைக்கவில்லை. 250 ஆண்டு அரசாண்ட ஊர் 13ஆம் நூற்றாண்டில் பாண்டியர் எழுச்சியோடு சரிந்தது. மாளிகைமேட்டில் தோண்டினால் அரண்மனையின் செங்கல் அடித்தளம் மட்டும் வருகிறது. சுற்றுமதிலின் கல்லை 1836இல் வெள்ளைக்காரப் பொறியாளர்கள் பெயர்த்துக் கொண்டுபோய்க் கொள்ளிடத்தில் கீழணை கட்டினார்கள். 2025 ஜூலை 27 அன்று பிரதமர் இங்கே வந்து ராஜேந்திரன் நினைவு நாணயம் வெளியிட்டார். ஆடித் திருவாதிரைக்கு ஊர் திருவிழாக் கோலம் பூண்டது. பெருமைப்பட ஆயிரம் இருக்கிறது அந்தக் கோயிலில். அந்தக் கூட்டத்தில் செங்கமேட்டுக் காளியைப் பற்றி யாராவது இரண்டு வார்த்தை பேசியிருந்தால் எனக்கு இன்னும் நிறைவாக இருந்திருக்கும்.

இன்று இந்த இரு மாவட்டங்களிலும் பீரங்கிச் சத்தம் கேட்டவர் உயிரோடு இல்லை. போர் இப்போது வேறு உருவில் வருகிறது. 2019 பிப்ரவரி 14, புல்வாமா. கொல்லப்பட்ட 40 சி.ஆர்.பி.எஃப். வீரர்களில் தமிழ்நாட்டுக்காரர்கள் இருவர். ஒருவர் அரியலூர் மாவட்டம் கார்குடியைச் சேர்ந்தவர். காஷ்மீரைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்த ஒரு கிராமத்துக்குள் தேசியக்கொடி போர்த்திய பெட்டி வந்து இறங்கியது. மற்றொரு வழி, கைபேசி. லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் பக்கம் வளைகுடா நாட்டில் ஆள் இல்லாத வீடு குறைவு. 2025 ஜூன் 23 இரவு கத்தாரின் அல் உதைத் தளத்தை நோக்கி ஈரான் ஏவுகணை விட்டபோது, இப்படிப்பட்ட வீடுகளில் யார் தூங்கியிருப்பார்கள்?

வளைகுடா என்றதும் 1990 நினைவுக்கு வருகிறது. அந்த ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்தைப் பிடித்தது. அங்கே வேலை பார்த்த இந்தியர்களில் சுமார் 1,70,000 பேரை அம்மான் வழியாக ஏர் இந்தியா விமானங்கள் ஏற்றி வந்தன. உலகம் வியந்த மீட்பு. 2022இல் உக்ரைனில் படித்த பிள்ளைகளையும் இப்படித்தான் அழைத்து வந்தோம். கையில் இந்தியக் கடவுச்சீட்டு இருந்ததால் அரசு தேடி வந்தது, வரத்தான் வேண்டும். அதே 1990இல், அதே மாதங்களில், பாக் நீரிணையில் வேறொரு கூட்டம் வள்ளங்களில் வந்துகொண்டிருந்தது. அவர்களிடம் கடவுச்சீட்டு இல்லை.

இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் முதல் அலை. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டதும் இரண்டாம் அலை. 1990களின் நடுவிலும் 2006க்குப் பிறகும் மேலும் இரண்டு. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தமிழ்நாட்டுக் கரையில் இறங்கினார்கள். ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபத்தில் பதிவு முடிந்ததும் மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். பெரம்பலூர் அன்று திருச்சி மாவட்டத்தின் ஒரு தாலுகா. தனி மாவட்டமானது 1995இல்தான்.

துறைமங்கலத்தில் நான் பேசிக்கொண்டிருந்த அம்மாவுக்கு மன்னார் பக்கம். எழுபதைத் தாண்டியவர். வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்: "ஆமி வருது எண்டு சொன்னவை தம்பி. அடுப்பில உலை கொதிச்சுக்கொண்டிருந்தது. அப்பிடியே விட்டிட்டு வெளிக்கிட்டனாங்கள்." இரவு முழுக்கப் பற்றைக்குள் கிடந்து, மறுநாள் வள்ளக்காரருக்குக் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்து ஏறியிருக்கிறார்கள். ஹெலி சுற்றும்போது பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டிருந்ததை இன்னும் அவரால் கண்ணை மூடாமல் சொல்ல முடியவில்லை.

உள்ளே போய் ஒரு பாலித்தீன் உறையை எடுத்து வந்தார். அதற்குள் காணி உறுதி. அரை ஏக்கருக்கும் குறைவான வீட்டு நிலம், புருசனின் தகப்பன் பேரில். மடிப்புகளில் தாள் கிழிந்து, செலோடேப் ஒட்டி, அந்த டேப்பும் மஞ்சளாகி எழுத்தை மறைக்கிறது. ஓரத்தில் உப்புத்தண்ணீர் பட்ட கறை. கூடவே முகாம் குடும்ப அட்டை, பணக்கொடை வரவாகும் வங்கிப் புத்தகம். உறுதியை மட்டும் என் கையில் கொடுக்காமல் தானே விரித்துக் காட்டினார். அந்தக் காணியில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். "ஆரோ இருக்கினம்" என்று மட்டும் சொன்னார்.

அன்றைய முகாம் வாழ்க்கையைப் பற்றிக் கேட்டால் இந்த மாநிலத்தின் எந்த முகாமிலும் ஒரே கதைதான். பத்துக்குப் பத்து அறை, தார் அட்டைக் கூரை, சித்திரையில் உள்ளே இருக்க முடியாது, ஐப்பசியில் உள்ளே இருந்தும் பயனில்லை. புருசன் பெண்டாட்டி, வயதுக்கு வந்த பெண், முடியாத மாமனார் எல்லோரும் அந்தப் பத்து அடிக்குள். பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை வரிசை. 1991 மே 21, ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு, அதுவரை இருந்த பரிவும் போயிற்று. காவல்துறைக் கியூ பிரிவின் கண்காணிப்பு, ஆளெண்ணும் கணக்கெடுப்பு, ஊரைவிட்டுப் போக அனுமதி. முகாம் மாணவர்களுக்குக் கல்லூரியில் தந்துவந்த இடங்கள் நிறுத்தப்பட்டு 1996இல்தான் திரும்பக் கிடைத்தன. குற்றத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத பிள்ளைகளின் படிப்பு அந்த ஐந்து ஆண்டுகளில் போனது போனதுதான். 1992இலிருந்து பல்லாயிரம் பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். போர் அங்கே முடிந்திருக்கவில்லை. போன சிலர் மறுபடி வள்ளம் ஏறினார்கள். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை 1984இல் தொடங்கிய சந்திரகாசனும் அவருடைய தோழர்களும் அந்தக் காலத்தில் முகாம் பிள்ளைகளின் படிப்பைக் கைவிடாமல் பிடித்துக்கொண்டிருக்காவிட்டால், இன்று அங்கே இத்தனை பட்டதாரிகள் இருக்க மாட்டார்கள்.

இன்று நிலைமை மேல், அதை மறைக்கக் கூடாது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு 317 கோடியே 40 லட்சம் ரூபாயில் திட்டம் அறிவித்தது. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவது, குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500. அகதிகள் முகாம் என்ற பெயர் மறுவாழ்வு முகாம் என்றாயிற்று. கான்கிரீட் கூரைக்கடியில் தூங்குவது எப்படிப்பட்ட சுகம் என்று தார் அட்டைக்கடியில் முப்பது ஆண்டு கிடந்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

கூரை மாறியது, சட்டத்தில் அவர்களின் நிலை மாறவில்லை. 1987 ஜூலை 1 முதல் இந்தியாவில் பிறந்தவர் குடிமகனாக வேண்டுமானால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2003இல் வந்த திருத்தம் இன்னும் இறுக்கியது, முறையான ஆவணமின்றி வந்தவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்று வகைப்படுத்தியது. எனவே 1991இல் பெரம்பலூர் மருத்துவமனையில் பிறந்து, இங்கேயே பள்ளி போய், ரேஷன் வரிசையில் நின்று, இங்கேயே கல்யாணம் முடித்து, தன் பிள்ளையை இங்கேயே பள்ளியில் சேர்த்தவரும் சட்டத்தின் கண்ணில் அயல்நாட்டார். அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. நிலம் வாங்க முடியாது. பொறியியல் படித்தவர்களும் ஏணியில் ஏறிச் சுவருக்கு வண்ணம் அடிக்கிறார்கள். நம் ஊர்களில் புதுவீட்டுக்குப் பெயிண்ட் அடித்த கைகளில் எத்தனை முகாம் கைகள் என்று நாம் கேட்டுப் பார்த்ததில்லை.

வெள்ளைக்காரன் காலத்தில் இதே திருச்சிச் சீமையிலிருந்துதான் ஆயிரமாயிரம் பேர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போனார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளில் ஒரு பகுதியினர் 1977இலும் 1983இலும் மலைநாட்டில் அடிபட்டு வவுனியாப் பக்கம் ஒதுங்கி, அங்கிருந்தும் துரத்தப்பட்டுப் படகேறினார்கள். பாட்டன் புறப்பட்ட மாவட்டத்துக்கே பேரன் அகதியாக வந்திருக்கிறான். திருச்சி முகாம்களில் வாழும் இப்படிப்பட்ட 65 பேர் குடியுரிமை கேட்டுத் தொடுத்த வழக்கில், 2019 ஜூனில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அவர்கள் மனுக்களைப் பரிவோடு பார்க்கச் சொன்னது. அந்த ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களில் முஸ்லிம் அல்லாதோருக்குக் கதவைத் திறந்தது. இலங்கையின் பெயர் அதில் இல்லை.

2025 செப்டம்பரில் ஒரு சிறு நகர்வு. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்காகத் தண்டிக்க மாட்டோம் என்று மத்திய அரசு ஆணையிட்டது. தண்டனை பயம் நீங்கியது. குடியுரிமை வரவில்லை.

அப்படியானால் திரும்பிப் போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. போக விரும்புகிறவர்களும் முகாம்களில் இருக்கிறார்கள், முக்கியமாக முதியவர்கள். 2025 மே மாதம் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு தமிழ்நாட்டிலிருந்து யாழ்ப்பாணம் போன முதியவர் ஒருவர், பலாலி விமான நிலையத்திலேயே கைது செய்யப்பட்டார். அன்று உயிர் தப்ப நாட்டைவிட்டு முறையின்றி வெளியேறியது குற்றமாம். அந்தச் செய்தி முகாம்களில் எப்படிப் பரவியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பாலித்தீன் உறைக்குள் உறுதியை வைத்திருக்கும் அம்மா, "போற ஆசை இருக்குத்தான். பேரப்பிள்ளையளுக்கு அங்க ஆர் இருக்கினம்?" என்றார். பேரப்பிள்ளைகள் பேசுவது பெரம்பலூர்த் தமிழ்.

வேண்டியது பெரிய சட்டப்புரட்சி ஒன்றுமில்லை. பதிவு செய்த இலங்கைத் தமிழர்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்ற வகையிலிருந்து நீக்கி, இத்தனை ஆண்டு இங்கே வாழ்ந்ததைக் கணக்கில் எடுத்து, விரும்புகிறவர்களுக்குக் குடியுரிமை விண்ணப்பத்தைத் திறந்துவிட வேண்டும். போக விரும்புகிறவர்களைக் கைது செய்ய மாட்டோம் என்ற உறுதியைக் கொழும்பிடமிருந்து எழுத்தில் வாங்கித் தர வேண்டும். இரண்டையும் செய்ய வேண்டியது டெல்லி. செய்யச் சொல்லிப் பெரம்பலூர் மக்களவை உறுப்பினரையும், அரியலூர் அடங்கிய சிதம்பரம் தொகுதியின் உறுப்பினரையும் கேட்கும் உரிமை, வாக்காளர்களாகிய நம்மிடம் இருக்கிறது. துறைமங்கலம் முகாமில் இருப்பவர்களுக்கு வாக்கு கிடையாது.